தொடர்பு இலக்கம்

விடியப்புறம் மூண்டு மணி பத்து.
போன் கேட்டது:
"கிறகோரி வீட்டில இருக்கா? போட் எங்க இருக்கு?"
சிங்களம் ஊறின தமிழ். கடற்படை.
மயிலிட்டியிலை இந்தக் குரலுக்கு ஒரு காலம்
விளக்கை நூத்துப்போட்டு நிலத்தோடை கிடந்தனாங்கள்.
இண்டைக்கு லைற்றைப் போட்டன்.

அவர் கடலிலை இல்லை, ஐயா.
சேமக்காலையிலை. மூண்டு வருசம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கடதாசி புரளுற சத்தம்.
"ஆனா சிக்னல் வருது மேடம். அவர் பேருக்கு.
வடகிழக்கு, முப்பத்தெட்டுக் கடல்மைல்."

செம்மஞ்சள் பெட்டி.
தண்ணி பட்டால் தானாக் கண்திறக்கும்,
செய்மதிக்குச் சொல்லும்,
செய்மதி கொழும்புக்குச் சொல்லும் எண்டு
அவர் விளங்கப்படுத்தேக்கை
நான் கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தனான்.
"கொழும்பு கடைசியா உனக்குத்தானடி சொல்லும்."
சரி, அந்த உப்பை எடுங்கோ எண்டன்.

றேடியோ வாங்கின கிழமை
அகப்பையை வாயடியிலை பிடிச்சுக் குசினிக்குள்ளை பழகினவர்.
பதினாறாம் சனல். மேடே மேடே மேடே.
போட்டின்ர பேர் மூண்டுதரம்.
நிக்கிற இடம். என்ன நடந்தது. ஆக்கள் எத்தினை.
சின்னவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்:
"அப்பா எந்த மேடையிலை ஏறப்போறார்?"
ஒருநாளும் அவருக்கு அது தேவைப்படேல்லை.
கடல் ஒண்டும் செய்யேல்லை. சிறுநீரகம்.

போட்டை ஸ்ரனிசுக்கு வித்தன்.
எஞ்சின், வலை, றேடியோ, செம்மஞ்சள் பெட்டி,
எல்லாம் ஒரே விலை.
பேர் மாத்துற படிவத்தை
அலுமாரிக்குள்ளை, அவற்ர சாரத்துக்குக் கீழை வைச்சன்.
ஸ்ரனிசின்ர பெண்சாதி ரண்டுதரம் கேட்டவள்.
மறந்துபோனன் எண்டது பொய்.
வங்கிப் புத்தகம், கோயில் பதிவு, வாக்காளர் இடாப்பு,
எல்லாத்திலையும் வெட்டியாச்சு மனிசனை.
இந்த ஒரு பட்டியலிலை மட்டும்
உயிரோடை கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்.

"போட் நீலம்தானே?"

இல்லை. சிவப்பு, வெள்ளைப் பட்டி. போன வருசம் அடிச்சவை.
பின்னாலை பச்சைப் படங்கு, ஒரு மூலை கிழிஞ்சது.
பேரும் மாத்தியாச்சு.
முந்தி அடைக்கல அன்னை, இப்ப விடிவெள்ளி.

"ஆக்கள்?"

நாலு. ஒருத்தன் புதுப் பெடியன்,
பள்ளிக்கூடச் சப்பாத்தோடை ஏறினவன்.
செவ்வாய் பின்னேரம். முப்பது பார் ஐஸ்.

"மேடம் துறைமுகத்தில வேலையா?"

இல்லை.
ஒவ்வொரு பின்னேரமும் போறனான்.
மீன் வாங்க எண்டு வீட்டிலை சொல்லுறது.

பிறகு செருப்பில்லாமல் ஓடினன், ஜெசிந்தாவின்ர படலைக்கு.
அவள் கதவைத் திறந்து என்ர முகத்தைப் பாத்தாள்,
ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் கஷ்டமாப்போச்சு.

சங்கக் கட்டடத்திலை றேடியோ
கரகரவெண்டு வெறும் காத்தை அரைச்சுக்கொண்டிருந்தது.
அடியிலை பலகை விட்டதாம், பற்றறிதான் முதல் தாண்டதாம்,
ஒரே ஒருக்கா "மே" எண்டு சொன்னவனாம் ஸ்ரனிஸ்.
மிச்சத்தைப் பெட்டி சொல்லியிருக்கு,
கிறகோரி, கிறகோரி, கிறகோரி எண்டு,
ஐம்பது செக்கனுக்கு ஒருதரம்.

எண்ணெய்க் கப்பல் ஒண்டு வழி திரும்பிப் போனது.
பத்தரைக்கு றேடியோ சொன்னது: நாலு பேரும்.
போட் இல்லை. பெடியனுக்குச் சப்பாத்தும் இல்லை.

ஞாயிறு பூசை முடிய ஜெசிந்தா வந்தாள்.
படிவம் நாலா மடிச்ச மடிப்பிலை மஞ்சளாகியிருந்தது.
உடைமையாளர் எண்ட இடத்திலை
ஸ்ரனிசின்ர பேரை நான்தான் எழுதினன்.
கை நடுங்கேல்லை எண்டு சொல்லமாட்டன்.
போட்டில்லாதவனுக்கு ஏன் படிவம் எண்டு
ரண்டு பேருமே கேக்கேல்லை.

கீழை ரண்டாவது தொடர்பு இலக்கத்துக்கு ஒரு கோடு.
"அக்கா, அதிலை உங்கட நம்பரை விடுங்கோ.
நான் படுத்தால் பிணம்.
நீங்கள் எடுப்பியள்."

எடுப்பன் எண்டன்.
இப்ப போனைக் குசினியிலை வைக்கிறதில்லை.